அட்டைப் பண்டிதர்

அந்த மனிதருக்குத் தெருவில் அட்டைப் பண்டிதர் என்று பெயர். கம்ப்யூட்டர் விளையாட்டில் வருகிற படத்தையெல்லாம் வரைந்து திரைக்கு அனுப்புவதற்கென்று பெட்டிக்குள் சொருகுவார்களே கிராஃபிக்ஸ் கார்டு, அதைத்தான் அவர் அட்டை என்பார். அட்டை என்றால் அவருடைய வீட்டுக்காரிக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: காலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிப்பது. பதினோரு மாதம் அவர் அட்டை தேடியதைக் கூடவே இருந்து பார்த்த பிறகு இரண்டும் ஒன்றுதான் என்ற முடிவுக்கு அவள் வந்துவிட்டாள்.

மனிதருக்கு வேலை கண்ணாடிக் கடையில். கடையின் பின்பக்கம் ஒரு இருட்டறை, சுவரில் எழுத்துப் பலகை, எதிரே ஒரு சுழல் நாற்காலி. வருகிறவர்களை உட்காரவைத்து, கண்முன்னே ஒரு வில்லையைப் போட்டு, அதை எடுத்து இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்பார். சம்பளம் தருகிறார்கள், கேட்கட்டும். வீட்டுக்கு வந்தும் அதே கேள்வி என்றால் யார் தாங்குவது? ஒரு பக்கெட் வாங்கப் போனால் இரண்டு பக்கெட்டைத் தூக்கிப் பார்த்து, தட்டிப் பார்த்து, கைப்பிடியை ஆட்டிப் பார்த்து, கடைசியில் வெறுங்கையோடு திரும்புவார். அந்த வீட்டுக்கு இன்றுவரை பக்கெட் வாங்குவது வீட்டுக்காரிதான்.

அட்டையில் அவருக்கு இரண்டு கட்சி. பச்சைக் கம்பெனியின் எட்டு ஜிபி அட்டை, சிவப்புக் கம்பெனியின் பன்னிரண்டு ஜிபி அட்டை. பச்சையில் வெளிச்சமும் நிழலும் அசலாக விழுமாம், ஆனால் நினைவகம் குறைவாம், விலை கூடவாம். சிவப்பில் நினைவகம் தாராளமாம், விலையும் குறைவாம், ஆனால் வெளிச்சம் அவ்வளவு எடுபடாதாம். இரண்டும் ரொம்ப உசத்தியும் இல்லை, ரொம்ப மட்டமும் இல்லை, நடுத்தரம். நடுத்தரத்தில்தான் மூளைக்கு வேலை என்பார். திரையை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, ஒரே காட்டை இரண்டு பக்கமும் காட்டுகிற வீடியோக்களைச் சாப்பிடும்போதும் பார்ப்பார், பல் தேய்க்கும்போதும் பார்ப்பார்.

"இடது பக்கம் இலையைப் பாரேன், எப்படி அசையுது."

"வலது பக்கமும் அசையுதே."

"அது வேற அசைவு."

"ஏங்க, என்னைப் பாக்க வந்தப்போ எவ்ளோ நேரம் யோசிச்சு சரின்னு சொன்னீங்க?"

"ஒரு பத்து நிமிஷம் இருக்கும்."

"பதினாறு வருஷமா கூட இருக்கறவளுக்குப் பத்து நிமிஷம். மூணு வருஷத்துல பழசாகப்போறதுக்குப் பதினோரு மாசம். நல்லா இருக்குங்க உங்க கணக்கு."

"உன்னை ஒப்பிட்டுப் பாக்க வேற யாரும் இல்லையே," என்று அவர் தட்டிலிருந்து தலையெடுக்காமல் சொன்னார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று அவள் யோசிப்பதற்குள் அடுத்த வீடியோ ஓட ஆரம்பித்துவிட்டது.

இதில் பெரிய வேடிக்கை, மனிதர் விளையாடவே மாட்டார். அடுத்தவன் விளையாடி, அடுத்தவன் அளந்து, அடுத்தவன் போட்ட எண்களை இவர் மனப்பாடமாக ஒப்பிப்பார். நீச்சல் தெரியாதவன் குளத்தின் ஆழத்தைப் பற்றிப் பாடம் எடுத்தது போல. முடிவெட்டுகிறவர், பார்சல் கொண்டுவருகிறவர், மேல்மாடிக் கணக்கு டீச்சர், ஒருவரையும் விட்டதில்லை. கணக்கு டீச்சர் பாவம், குழாய் ரிப்பேர் பார்க்கிறவரின் போன் நம்பர் கேட்டு வந்தார். முக்கால் மணி நேரம் நின்று கேட்டுவிட்டு, நம்பர் வாங்காமலே போய்விட்டார். அன்றிலிருந்து படியில் எதிரே வந்தால் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொள்கிறார்.

கடைசியில் ஒருநாள் பச்சையையே வாங்கிவிட்டார். ஏன் பச்சை என்றால், தொப்பி போட்ட ஒரு ஆள் வீடியோவில் சொல்லிவிட்டானாம். வாங்கிய மூன்றாம் நாள் தொப்பி போடாத இன்னொருவன் சிவப்புதான் என்று சொல்ல, அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குள் அட்டை பெட்டிக்குள் ஏறிவிட்டது.

ஏற்றிய வைபவத்துக்கு வீட்டுக்காரிதான் டார்ச் பிடித்தாள். அதுவரை அந்தக் கம்ப்யூட்டரில் தனி அட்டை கிடையாது. உள்ளே இருக்கிற பலகையே தன்னால் முடிந்த அளவுக்குப் படம் வரையும். அட்டையோடு மடித்த தாள் ஒன்று வந்தது, படம் படமாகப் போட்டு. அவள் எந்தப் பொருள் வாங்கினாலும் முதலில் அந்தத் தாளைத்தான் படிப்பாள். வாஷிங் மெஷின் வந்தபோது உட்கார்ந்து இருபது பக்கம் படித்தாள். எட்டு வருடமாக மெஷின் ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை.

"இந்தத் தாளைப் பாக்கலையாங்க?"

"அது தெரியாதவங்களுக்குக் குடுக்கறது. டார்ச்சை ஒழுங்காப் பிடி."

எல்லாம் தெரிந்தவர் அட்டையைச் சொருகினார், திருகினார், மின்சார ஒயரை மாட்டினார், மூடியை மூடினார், கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு மூன்று வாரம் ஒரே திருவிழா. குதிரைக்காரன் ஒருவன் ஏரிக்கரையில் போகிற விளையாட்டு. இவர் குதிரையைக் கரையில் நிறுத்திவைத்துவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"பாத்தியா தண்ணிய? முன்னாடி இது வெறும் நீலம். இப்போ மேகம் தெரியுது உள்ள."

அவளுக்கு அன்று தெரிந்த அதே தண்ணீர்தான் இன்றும் தெரிந்தது. கண் பரிசோதிக்கிறவரே சொல்லும்போது நாம் என்ன சொல்வது என்று விட்டுவிட்டாள்.

ஆனால் குதிரையை நகர்த்தினால் சங்கடம். விளையாட்டில் இருக்கிற எல்லாவற்றையும் உச்சத்துக்கு ஏற்றிவைத்திருந்தார். குதிரை ஓடவில்லை, மூட்டுவலிக்காரர் படியேறுகிற மாதிரி நின்று நின்று வந்தது. வேறு யாராக இருந்தாலும் எங்கேயோ தப்பு என்று தேடியிருப்பார்கள். பண்டிதருக்குத் தப்பே கிடையாது, விளக்கம்தான் உண்டு.

"இது நெரிசல். அட்டை புலி, கம்ப்யூட்டருக்கு மூளை மாதிரி இருக்கற பிராசஸர் பூனை. புலி பாயத் துடிக்குது, பூனை வழிய மறிச்சுக்கிட்டு நிக்குது."

இதோடு போயிருந்தால் அவரவர் பைத்தியம் அவரவருக்கு என்று விட்டிருக்கலாம். வீட்டுக்காரியின் தம்பி நடுவில் வந்து சேர்ந்தான்.

தம்பி ஆறு வருடம் சொந்தமாக ஒரு வேன் ஓட்டிக் கடைகளுக்குச் சரக்கு இறக்கியவன். முதுகு போய்விட்டது. வேனை விற்றான். கல்லூரிக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு நீள அறையைப் பிடித்து, பத்து கம்ப்யூட்டர் போட்டு, மணிக்கு இவ்வளவு என்று பையன்களை விளையாட விடுகிற கடை திறக்கப்போகிறான். வேன் போய்விட்டதால் இது படுத்தால் அவனுக்குப் போக்கிடம் இல்லை. நல்லவன், உழைப்பாளி. ஒரே குறை, மாமா வாயைத் திறந்தால் அது எழுதிவைத்த சட்டம் என்று நம்புவான்.

ஞாயிற்றுக்கிழமை வந்து மாமா பக்கத்தில் உட்கார்ந்து, தடுக்கித் தடுக்கிப் போகிற குதிரையைப் பார்த்தான்.

"என்ன மாமா, இவ்ளோ காசு போட்டும் இப்படிப் போகுது?"

"அதைத்தான் நீ கத்துக்கணும். நான் அனுபவிச்சுட்டேன், நீ அனுபவிக்க வேணாம். பத்து மெஷினுக்கும் இதே பச்சை அட்டை. ஆனா பிராசஸர் மட்டும் ரெண்டு படி மேல வாங்கிடு. அப்போ நெரிசலே இருக்காது."

"ரெண்டு படி மேலன்னா, மூணு மாச வாடகைக்குன்னு ஒதுக்கினது போயிடும் மாமா."

"கூட்டம் வந்தா வாடகை தானா வரும். மட்டமா போட்டா கூட்டமே வராது. என்ன சொல்ற?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி தலையாட்டினான். சனிக்கிழமை காலை வந்து, இங்கிருந்தே கம்ப்யூட்டர் கடைக்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவது என்று பேச்சு முடிந்தது. அட்டைக்குப் போகிற காசையாவது பொறுத்துக்கொள்ளலாம், வாடகைக்கு வைத்ததையும் முழுங்கப்போகிறார்களே என்று நினைத்து, மடித்த சட்டையையே அவள் மறுபடி மடித்தாள். ஆனால் புலி, பூனை என்று பேசுகிறவரிடம் என்னவென்று எதிர்த்துப் பேசுவது?

செவ்வாய்க்கிழமை அவள் மேஜையைத் துடைத்தாள். பெட்டியின் பின்பக்கம் விரல் கனத்துக்குத் தூசி. திருப்பிவைத்துத் துடைக்கும்போது கவனித்தாள்: புது அட்டை வெளியே தலைகாட்டுகிற இடத்தில் நாலு வாய், நாலுக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி. கடையிலிருந்து வந்தபடியே. திரைக்குப் போகிற ஒயரோ, ஒரு சாண் மேலே, பழைய பலகையின் பழைய ஓட்டையில், எப்போதும் இருக்கிற இடத்திலேயே இருந்தது.

அவளுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் மூடி கழற்றாத பாட்டிலிலிருந்து யாரும் தண்ணீர் குடித்திருக்க முடியாது என்று தெரியும். அட்டை வந்த டப்பாவை அலமாரி மேலிருந்து இறக்கி, மடிப்புக் கலையாத தாளை விரித்தாள். ஆறாவது படத்தில் பச்சைக் குழந்தைக்கும் புரிகிற மாதிரி போட்டிருந்தது: திரை ஒயர் மேலே இருக்கிற ஓட்டையில் இருந்தால் குறுக்கே சிவப்புக் கோடு, கீழே அட்டையின் வாயில் இருந்தால் சரி என்ற அடையாளம்.

மூன்று வாரமாக இவர் ரசித்த மேகம், நிழல், வெளிச்சம் எதையும் அட்டை அனுப்பவே இல்லை. அது கல்யாண வீட்டில் பந்தியில் உட்காரவைத்து இலை போடாத விருந்தாளி மாதிரி உள்ளே சும்மா உட்கார்ந்திருந்தது. புலியாவது பூனையாவது.

அன்று மாலையே மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள்.

"ஏங்க, அட்டைக்குப் பின்னாடி மூடி மூடியா இருக்கே, அதைக் கழட்ட வேணாமா?"

"அது தூசி போகாம இருக்க. உபயோகிக்காத ஓட்டைக்கு மூடி போடறதுதான் முறை."

"நாலுலயும் இருக்கே. நாலையுமா உபயோகிக்கல?"

"பின்பக்கம் கை வைக்காதேன்னு எத்தனை தடவ சொல்றது? ஒரு ஒயர் அசைஞ்சா எல்லாம் போச்சு."

"அந்தத் தாள்ல ஆறாவது படம்..."

"ஏம்மா, உலகத்துல இருக்கற அத்தனை அட்டையும் எனக்கு அத்துப்படி. நீ போய் அந்த டீவி சத்தத்தைக் கொஞ்சம் குறை."

அவள் போய்க் குறைத்தாள். தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் அவன் உடனே மாமாவைக் கேட்பான். மாமா பத்து எண்ணை எடுத்துவிடுவார். அக்காவுக்குப் புரியவில்லை என்று முடியும். வாயால் ஜெயிக்க முடியாத இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை அவர் கடைக்குப் போனதும் பெட்டியை அணைத்தாள். ஒரு மூடியைக் கழற்றினாள், ஒயரை மேலிருந்து பிடுங்கிக் கீழே சொருகினாள், பெட்டியை மறுபடி போட்டாள். திரை ஒரு நிமிடம் கறுப்பாகவே இருந்தது. பிறகு படம் வந்தது. விளையாட்டைத் திறந்து குதிரையைத் தட்டினாள். குதிரை பறந்தது. ஏரி, கரை, மரம் எல்லாம் பின்னால் ஓடியது. நிறுத்தத் தெரியாமல் தண்ணீருக்குள்ளேயே இறக்கிவிட்டாள். அந்தத் தண்ணீரில் நிஜமாகவே மேகம் தெரிந்தது.

எல்லாவற்றையும் பழையபடியே மாட்டிவைத்தாள். குதிரை இப்போதே ஓடிவிட்டால், தம்பி வருவதற்குள் அதற்கும் ஒரு விளக்கம் தயாராகிவிடும்.

சனிக்கிழமை தம்பி பத்து மணிக்கு வந்தான். மாமா குளித்துக்கொண்டிருந்தார். அக்கா பெட்டியைத் திருப்பி, ஒயரை மாற்றிச் சொருகி, மூடியைக் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா பண்ற?"

"தூசிடா. உக்காரு."

மாமா தலை துவட்டியபடி வந்தார். போன் போடுவதற்கு முன்னால் நெரிசலைக் கடைசியாக ஒருமுறை காட்டிவிடுகிறேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். குதிரை கிளம்பியது. எண்ணெய் மேல் வழுக்குகிற மாதிரிப் போனது. மாமாவின் கையிலிருந்த துண்டு தரையில் விழுந்தது.

"மாமா, சூப்பரா ஓடுதே!"

"ம்ம்."

"அன்னைக்கு நெரிசல்னு சொன்னீங்களே?"

மாமா தொண்டையைச் செருமினார். "அப்டேட் வந்திருக்கும். சில சமயம் கம்பெனிக்காரன் அனுப்புவான்."

"அப்போ பெரிய பிராசஸர் வேணாமா?"

"யார் சொன்னா? இன்னைக்கு ஓடும், நாளைக்கு நிக்கும். அடித்தளம் பலமா இருக்கணும். நீ போனைப் போடு."

தம்பி போனை எடுத்தான். நம்பரையும் தேட ஆரம்பித்துவிட்டான். அவ்வளவுதான், இனிமேல் பொறுத்தால் வேன் பணம் முழுக்கப் பூனைக்குப் பால் ஊற்றப் போய்விடும்.

"இருடா," என்றாள் அக்கா. மூடியை நீட்டினாள். "உங்க மாமா சொன்ன அப்டேட் இதுதான்."

மாமா அதைப் பார்த்தார். பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். காது சிவந்தது. "யாரு பின்பக்கம் கை வெச்சது?"

"நான்தான். நீங்க வைக்காததால."

தம்பிக்கு விவரம் புரிய இரண்டு நிமிடம் ஆனது. தாளின் ஆறாவது படத்தைப் பார்த்தான். எழுந்துபோய் ஒயரை மேலே மாட்டினான்: குதிரை தடுக்கியது. கீழே மாட்டினான்: பறந்தது. மறுபடி மேலே, மறுபடி கீழே.

"மாமா, இது தெளிவா, அது தெளிவா?"

கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். முதுகு வலியோடு சிரித்ததால் நடுநடுவே ஐயோ என்றும் சத்தம் வந்தது.

ஒரு சாதாரண மனிதன் என்ன செய்திருப்பான்? கூடச் சேர்ந்து சிரித்திருப்பான், இல்லை சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போயிருப்பான். பண்டிதர் துண்டை எடுத்து உதறி, மெதுவாக மடித்தார்.

"ஒப்பிட்டுப் பாக்கணும்னா அட்டை இல்லாம எப்படி ஓடுதுன்னும் தெரியணும்ல? அதைத்தான் மூணு வாரமா கவனிச்சுட்டிருந்தேன்."

குப்புற விழுந்தவர் மீசையில் மண் என்ன, தூசி கூட ஒட்டவில்லை.

"சரிங்க, கவனிச்சாச்சுல்ல? நகருங்க," என்றாள் வீட்டுக்காரி. "டேய், உன் கடைக்கு வர்ற பசங்க என்ன விளையாடுவாங்க?"

"கூட்டமா சேந்து சுடுற விளையாட்டுதான்க்கா. பத்துல எட்டுப் பேர் அதான். அது கொஞ்சம் பழசு."

"அதுக்கு மேகம் தெரியணுமா?"

"மேகத்தைப் பாத்துட்டு நின்னா சுட்டுடுவாங்கக்கா."

"அப்போ அதுக்கு என்ன போதுமோ அதைக் கேளு. நாலு பேர் துணிக்கு லாட்ஜ்ல வெச்சிருக்கற வாஷிங் மெஷினையா வாங்குவாங்க? கெட்டுப்போனா எங்க கொண்டு வரணும், எத்தனை நாள்ல மாத்திக் குடுப்பாங்கன்னும் கேளு. அதை உங்க மாமா பதினோரு மாசத்துல ஒருநாள் கூடக் கேக்கல."

கடைக்காரர் போனில் நேராகவே பேசினார். அந்த விளையாட்டுக்குப் போன வருடத்து அட்டையே தாராளம், சாதாரண பிராசஸர் போதும், இரண்டு வருடத்துக்குள் கெட்டுப்போனால் தானே மாற்றித் தருவதாகவும் சொன்னார். வாடகைக்கு ஒதுக்கியதில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. நாற்காலி கூடக் கொஞ்சம் நல்லதாக வாங்கலாம் என்று ஆனது.

மாமாவுக்கு அதுதான் தாங்கவில்லை. "போன வருஷத்து அட்டையா! ஊர்ல தலை காட்ட முடியுமா?"

"பதினாறு வருஷத்துக்கு முந்தின மாடலை நான் வெச்சு ஓட்டிட்டுதான் இருக்கேன்," என்றாள் அவள். "ஒரு அப்டேட்டும் வரல."

அடுத்த மாதம் கடை திறந்தது. முதல் நாளே மத்தியானத்துக்குள் பத்து நாற்காலியும் நிறைந்து, படியில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். பத்துத் திரையும் ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. தம்பி ஓர் இடத்தில் நிற்காமல் அங்குமிங்கும் நடந்தான்; அவன் இப்படி முதுகைப் பிடிக்காமல் நடந்து அக்கா பார்த்து வருடக்கணக்காகிறது. அவள் வாசலில் செருப்புகளை ஒதுக்கி வழி விட்டுக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து பழக்கமான குரல் கேட்டது. காத்திருந்த மாணவர்கள் மூன்று பேரைச் சுவரோரம் மடக்கிவிட்டார் பண்டிதர்.

"காசைக் கொட்டி அட்டை வாங்குவாங்க. ஆனா திரை ஒயரைப் பழைய ஓட்டையிலேயே விட்டுடுவாங்க. இப்படி எத்தனை முட்டாளுங்க இருக்காங்க தெரியுமா?"

"அப்படியா அங்கிள்? அதெப்படி கண்டுபிடிக்கறது?"

"அதெல்லாம் அனுபவம்ப்பா. பின்பக்கம் பாத்தாலே எனக்குத் தெரிஞ்சுடும்."

தம்பி வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்தான். "அக்கா, போய்ச் சொல்லிடவா?"

"விடுடா," என்றாள் அவள், இன்னொரு ஜோடிச் செருப்பை ஒதுக்கியபடி. "பத்து ஓடுது. பதினொண்ணாவதா அந்த வாயும் ஓடிட்டுப் போகட்டும்."